சட்டைப் பையில் கார்டு, சாலையில் வாடகை ஸ்கூட்டர்

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது எஞ்சின் பற்றிய கட்டுரை. இயந்திரவியல் மூன்றாம் ஆண்டுக்காரன் என்றால் எஞ்சினைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று சட்டமா என்ன? நான் எழுதப்போவது என் இடது பக்கத்துக் காறை எலும்பைப் பற்றி. 2023 டிசம்பரில் கடலூர் சாலையில், முருங்கப்பாக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அது இரண்டாகப் போனது. அதற்குப் பிறகு நான் படித்த இன்சூரன்ஸ் சங்கதிகளை எந்த செமஸ்டரிலும் படித்ததில்லை.

எங்கள் தாத்தா 'சொல்தா'. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் அத்தை குடும்பம் முழுக்க பிரான்சில் இருக்கிறது. அத்தை மகன் அந்த டிசம்பரில் வந்திருந்தான். "மச்சான், சுண்ணாம்பாறு போய் படகு விட்டு வருவோம்" என்றான். வீட்டு வண்டியை அப்பா எடுத்துப் போய்விட்டார். சரி, நம்ம ஊரில்தான் தெருவுக்குத் தெரு வாடகை வண்டி கிடைக்கிறதே! நாளைக்கு ஐந்நூறு ரூபாய் வாடகை, இரண்டாயிரம் முன்பணம், ஆதார் ஜெராக்ஸ் ஒன்று. இரண்டு நிமிஷத்தில் சாவி கையில்.

"இன்சூரன்ஸ் இருக்கா அண்ணே?" என்று நான் கேட்டேன். "எல்லாம் இருக்கு தம்பி" என்றார் கடைக்காரர். மச்சான் தன் பர்ஸைத் தட்டிக் காட்டினான். "என் கோல்டு கார்டு இருக்கே, வாடகை வண்டிக்கு அதுவே இன்சூரன்ஸ் கொடுக்கும்" என்றான். எனக்கும் அது பெரிய தைரியமாக இருந்தது.

திரும்பி வரும்போது நாய் ஒன்று குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தான், சாலையோர மணலில் முன் சக்கரம் வழுக்கியது. நாய் பிழைத்தது. மச்சானுக்கு முழங்கை சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் எலும்பு. கடைக்காரர் முன்பணத்தை வைத்துக்கொண்டு மேலும் 8,600 ரூபாய்க்கு பில் நீட்டினார்.

இனி கார்டின் கதை. இது மச்சான் கற்பனை பண்ணியது அல்ல. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல உயர்ரக கார்டுகளில் இந்த வசதி உண்டு. அங்கே வாடகைக் கார் எடுத்தால், கம்பெனிக்காரன் தினம் இவ்வளவு என்று தனியாகக் கட்டச் சொல்வான். கட்டினால், கார் நசுங்கினாலும் திருடு போனாலும் உன்னிடம் கேட்க மாட்டேன் என்பது ஒப்பந்தம். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாடகை முழுவதையும் கார்டில் தேய்த்தால், அந்த நசுங்கலை கார்டின் இன்சூரன்ஸ் ஏற்கும். ஆனால் அது ஏற்பது எடுத்த வண்டிக்கு வந்த சேதத்தை மட்டும். நாம் இடித்த ஆளுக்கு அதில் பைசா கிடையாது. இரு சக்கர வண்டிகளையும் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. மச்சான் தன் வங்கிக் கையேட்டை அப்புறம்தான் எடுத்துப் படித்தான். கார் என்று போட்டு, அடியில் பொடி எழுத்தில் 'இரு சக்கர வாகனம் நீங்கலாக' என்று இருந்தது. அது போக, வாடகையை நாங்கள் கொடுத்ததே ரொக்கமாக!

நம்ம ஊர் கார்டுகள் வேறு ரகம். அவற்றோடு வருவது பெரும்பாலும் விபத்து மரணத்துக்கான காப்பீடு. ஸ்காலர்ஷிப்புக்காக நம்மில் பலர் திறந்த ஜன்தன் கணக்கின் ரூபே கார்டில் ஒரு லட்சம், 28-8-2018க்குப் பிறகு திறந்த கணக்கு என்றால் இரண்டு லட்சம். மரணம் அல்லது நிரந்தர முழு ஊனம் என்றால்தான் அது. அதிலும் விபத்துக்கு முந்தைய 90 நாளுக்குள் கார்டை ஒரு தடவையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். மூன்று மாதத்தில் கூடிவிடும் காறை எலும்பு இந்தக் கணக்கில் வராது. ஸ்கூட்டரின் உடைந்த மட்கார்டு எந்தக் கணக்கிலும் வராது.

அப்படியானால் வண்டியின் பாலிசி? அங்கேதான் நாங்கள் சரியாக மாட்டினோம்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 146ஆம் பிரிவு, தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி சாலைக்கே வரக்கூடாது என்கிறது. (பிரிட்டிஷ் இந்தியாவில் இது 1946 ஜூலை 1 முதலே கட்டாயம். பிரான்சில் 1958இல்தான் சட்டம் வந்தது. இந்த ஒரு விஷயத்தில் வெள்ளைக்காரனை விட பிரெஞ்சுக்காரன் லேட்.) தேர்டு பார்ட்டி என்பது சாலையில் போகும் மூன்றாம் மனிதர். வண்டியை ஓட்டுபவன் அல்ல. ஓட்டுபவனுக்கு என்று பாலிசியில் 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு போடுகிறார்கள், 2018இல் உயர்த்திய தொகை. அதன் பெயரே 'உரிமையாளர்-ஓட்டுநர்' காப்பீடு. ஆர்.சி. புக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான். வாடகைக்கு எடுத்தவன் அந்தப் பெயருக்கு உரியவன் இல்லையே! இரவல் வண்டி ஓட்டி இறந்துபோன ஒருவரின் குடும்பம் போட்ட வழக்கில், நிங்கம்மா வழக்கு என்பார்கள், உச்ச நீதிமன்றம் 2009இல் சொன்னது இது: வண்டியை வாங்கி ஓட்டுபவன் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறான், தன்னையே மூன்றாம் மனிதனாகக் காட்டி இழப்பீடு கேட்க முடியாது.

பின்னால் உட்கார்ந்த என் கதி இன்னும் வேடிக்கை. வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி என்றால், தனியாகப் பிரீமியம் கட்டாதவரை ஸ்கூட்டரின் பின் சீட்டுக்காரனுக்கு அதில் இடமில்லை. 2006இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. நாம் 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று சொல்கிறோமே, அந்தப் பாலிசியில்தான் பின் சீட்டும் சேரும்.

எங்கள் ஸ்கூட்டருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கத்தான் செய்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் வண்டி வெள்ளை போர்டு. அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்தது. அந்தப் பாலிசியிலேயே, வாடகைக்கு விட்டால் செல்லாது என்று எழுதியிருக்கிறது. சட்டப்படி வாடகைக்கு விட 1997இல் மத்திய அரசு தனித் திட்டமே கொண்டு வந்திருக்கிறது. அந்த வண்டிக்கு கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து. ஆர்.சி.யிலும் வாடகைக்கு என்று இருக்கும், பாலிசியும் அதற்கேற்றபடி எடுத்திருப்பார்கள். வெள்ளை போர்டு வண்டிக்குக் கடைக்காரர் க்ளெய்ம் போட்டால், வாடகைக்கு விட்டதைத் தானே ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் அவர் போடவே இல்லை. எங்களிடம் பில் வந்த ரகசியம் இதுதான்.

லைசென்ஸ் விஷயம் இதற்கும் மேல். மச்சானிடம் கார் லைசென்ஸ். பிரான்சில் ஏழு மணி நேரப் பயிற்சி எடுத்தால் அதை வைத்தே 125 சி.சி. வரை ஓட்டலாமாம், ஆனால் அந்தச் சலுகை அந்த நாட்டு எல்லையோடு சரி. சர்வதேச பர்மிட்டிலும் கார் கட்டத்தில்தான் முத்திரை. ஆக கடலூர் சாலையில் அவன் லைசென்ஸ் இல்லாத ஆள்.

இதை எல்லாம் தெரிந்துகொண்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கை வலியால் அல்ல. நாய்க்குப் பதில் சைக்கிளில் ஒரு பெரியவர் வந்திருந்தால்? இந்த மாதிரி வழக்குகள் பலவற்றில் நீதிமன்றம், முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடு, பிறகு வண்டிக்காரனிடம் வசூல் பண்ணிக்கொள் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உத்தரவு போடும். சில சமயம் கம்பெனியை முழுசாக விடுவித்தும் விடும். எப்படியானாலும் பாக்கி வந்து நிற்பது வண்டி கொடுத்தவர் மேலும் ஓட்டியவன் மேலும்தான். மச்சான் விமானம் ஏறியிருப்பான். கடையில் கொடுத்த ஆதார் ஜெராக்ஸ் யாருடையது? என்னுடையது.

முதலாண்டுத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. பத்தாவது முடித்து வந்த உங்களுக்குப் பதினாறு வயசு. அந்த வயசுக்குக் கிடைக்கும் லைசென்ஸ் 50 சி.சி. வரைக்கும், கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். ஆக்டிவாவே 109 சி.சி. பதினெட்டு ஆகாத பையன் வண்டி ஓட்டிக் குற்றத்தில் மாட்டினால், 2019 திருத்தத்தின்படி பெற்றவருக்கும் வண்டி உரிமையாளருக்கும் மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். 'அண்ணன் லைசென்ஸைக் காட்டி எடுத்துட்டேன்' என்று கேண்டீனில் பெருமை பேசுகிறவர்கள் இதை அப்பாவிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டலாம்.

போன மாதம் கடலூரிலிருந்து இரண்டு நண்பர்கள் வந்தார்கள். அரிக்கமேடு போக வண்டி வேண்டும் என்றார்கள். கடைக்கு நானும் போனேன். எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால் வண்டியின் வகையும் இன்சூரன்ஸ் தேதியும் வந்துவிடுகிறது. முதல் கடையில் வெள்ளை போர்டு. இரண்டாவது கடையில் கறுப்பு போர்டு, ஆனால் இன்சூரன்ஸ் முடிந்து பதினொரு நாள். மூன்றாவது கடைக்காரர் பாலிசி ஜெராக்ஸையே கையில் கொடுத்தார், நாங்கள் வண்டியை நாலு பக்கமும் போட்டோ எடுக்கும்வரை பொறுமையாக நின்றார், பழைய கீறலைத் தானே சுட்டிக் காட்டினார். வாடகை நூறு ரூபாய் அதிகம். கூடவே வங்கியில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடித்தம் செய்யும் பிரதமரின் சுரக்ஷா பீமா இருக்கிறதா என்று இரண்டு பேரையும் கேட்டேன். ஒருவனுக்கு இருந்தது. இன்னொருவன், "உனக்கு எலும்பு உடைஞ்சதிலிருந்து எல்.ஐ.சி. ஏஜென்ட் மாதிரி பேசுறடா" என்றான். ஆனாலும் சாயங்காலம் வண்டியை விட்டதும், அவன் போய் நின்றது வங்கி மூடிய வாசலில். மறுநாள் கடலூரில் சேர்ந்துவிட்டேன் என்று போன் பண்ணினான்.