மலாய் நாட்டில் சீனரும் தமிழரும்

மலேசியாவுக்குப் போய்த் திரும்பும் நம்மவர்களில் பலர் ஒரே கேள்வியைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் பினாங்கிலும் வீதி வீதியாகச் சீனர் கடைகளைக் கண்டு வருகிறார்கள். பழைய ரப்பர்த் தோட்டங்களின் ஓரத்தில் நம்மவர் குடியிருப்புகளையும் கண்டு வருகிறார்கள். “இரண்டு ஜாதியாரும் கூலிகளாகக் கப்பலேறியவர்கள்தாமே? சீனன் முதலாளியானான், தமிழன் ஏன் ஆகவில்லை?” என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானதே. அதற்கு நாம் சட்டென்று சொல்லிக்கொள்ளும் விடைதான் நியாயமற்றது. சீனன் உழைப்பாளி, சிக்கனக்காரன், ஒற்றுமை உள்ளவன். தமிழனிடம் இவை இல்லை, கள்தான் உண்டு என்று தீர்ப்பு எழுதிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறோம்.

இந்தத் தீர்ப்பு நாம் ஆராய்ந்து கண்டதன்று. தோட்டத்துத் துரைமார்களும் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களும் ஒரு காலத்தில் எழுதி வைத்ததையே நாமும் ஒப்பிக்கிறோம். மலாய்க்காரன் சோம்பேறி, சீனன் சாமர்த்தியசாலி, தமிழன் சொன்ன பேச்சைக் கேட்பவன் என்று ஜாதிக்கு ஒரு முத்திரை குத்தி, அம்முத்திரைக்கு ஏற்றபடி வேலையும் கூலியும் வகுத்தவர்கள் அவர்கள். சோம்பேறிச் சுதேசி என்பது ஆளவந்தவர்கள் தங்கள் சௌகரியத்துக்காகக் கட்டிய கதை என்பதை சையத் ஹுசேன் அலாத்தாஸ் என்ற அறிஞர் 1977-ஆம் ஆண்டில் ஒரு முழு நூலாகவே எழுதிக் காட்டினார். சொன்ன பேச்சைக் கேட்கும் தமிழன் என்பதும் அதே பட்டறையில் அடித்த முத்திரைதான்.

ஆகவே, இரத்தத்தின் குணத்தை ஒரு புறம் வைத்துவிட்டு, இரு சமூகத்தாரும் எந்த வாசல் வழியாக அந்நாட்டுக்குள் நுழைந்தார்கள், நுழைந்தபின் வெளியேற வழி இருந்ததா என்பதைப் பார்ப்போம்.

ஈயமும் ரப்பரும்

சீனரைப் பெருங்கூட்டமாக அழைத்தது வெள்ளீயம். பேராக்கில் லாரூட், கிந்தா ஆகிய இடங்களிலும் சிலாங்கூரிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுரங்கங்கள் திறந்தன. அங்கே சென்ற சீனக் கூலியின் நிலைமை பொறாமைப்படத் தக்கதன்று. கப்பல் கட்டணத்தைக் கடனாகச் சுமந்து வந்து, அக்கடன் தீரும் வரையில் அடிமைபோல் உழைத்தான். காய்ச்சலில் மடிந்தவர்கள் ஏராளம். லாரூட்டில் இரண்டு இரகசியச் சங்கங்கள் மூட்டிய சண்டைகள் 1861 முதல் 1874 வரை விட்டுவிட்டு நடந்தன. தமிழனுக்குக் கள் என்றால் சீனனுக்கு அபின். அந்த அபினின் குத்தகைப் பணம் ஆங்கில சர்க்காரின் கஜானாவுக்குப் பெரியதொரு வருமானமாக இருந்தது. ஒப்பந்தக் கூலிமுறை தமிழருக்கு 1910-இல் நின்றது. சீனருக்கு 1914-இல்தான் நின்றது.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. சீனக் கூலியின் சுரங்க முதலாளி சீனன். அரிசி விற்ற கடைக்காரனும் சீனன். ஈயத்தை வாங்கிய வியாபாரியும் பெரும்பாலும் சீனன். கடன் தீர்ந்த கூலி சுரங்கத்தை விட்டுப் பக்கத்துப் பட்டணத்துக்கு நடந்து போகலாம். தன் பாஷை பேசும் ஒருவனுடைய கடையில் எடுபிடியாகச் சேரலாம். சில வருஷங்களில் தானே ஒரு தள்ளுவண்டி வைக்கலாம். 1854-ஆம் வருஷத்தில் வந்து இறங்கிய யாப் ஆ லோய் என்பவர் சுரங்கக் கூலியாகவும் சமையற்காரராகவும் இருந்தவர். 1868-இல் அவர் கோலாலம்பூர்ச் சீனர்களின் ‘கப்பித்தான்’ ஆனார். ஆயிரத்தில் ஒருவர்தாம் அப்படி உயர முடிந்தது. எனினும் அந்த ஒருவர் ஏறிய படிக்கட்டு மற்றவர்கள் கண்ணெதிரே இருந்தது.

தமிழரைப் பெருந்தொகையாக அழைத்தது ரப்பர். 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு அதிபராக வந்த ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். முதன்முதலில் வியாபாரத்துக்காக ரப்பர் பயிரிட்டவர் ஓர் ஆங்கிலேயர் அல்லர். மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் என்ற சீனரே 1896-இல் அதைச் செய்தார். பிறகு மோட்டார் வண்டிகள் பெருகவே, இலண்டன் கம்பெனிகள் பணத்தைக் கொட்டிக் காடுகளைத் தோட்டங்களாக்கின. அத்தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கக் கங்காணிகள் நம் கிராமங்களுக்கு வந்தார்கள். கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் திரட்டி, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேற்றினான். அவன் கூட்டத்தில் எத்தனை பேர் அன்றாடம் வேலைக்கு இறங்குகிறார்களோ அத்தனை பேருக்கும் அவனுக்குத் ‘தலைக்காசு’ உண்டு. ஆகவே ஆட்கள் தோட்டத்தை விட்டுப் போகாமல் பார்ப்பது அவனுக்குப் பிழைப்பாயிற்று.

தோட்டம் என்பது ஒரு தனி உலகம். குடியிருக்கும் லயம் கம்பெனியுடையது. மருந்துச்சாலை, கோவில் இருக்கும் நிலம், கள்ளுக்கடை, குழந்தைகளின் பள்ளிக்கூடம் யாவும் தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே. பட்டணம் பல மைலுக்கு அப்பால். வேலையை விட்டால் வீட்டையும் விடவேண்டும். இந்த நிலையில் ஒருவன் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் எந்த வீதியில் கடை திறப்பான்?

ஒரே மரத்துக்கு இரண்டு கூலி

1920-களின் பிற்பகுதியில் தமிழ்த் தொழிலாளருக்குப் பல மாவட்டங்களில் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று விதிக்கப்பட்டது. உலகத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது அதுவும் வெட்டப்பட்டது. சீனரோ, தங்கள் குத்தகைக்காரன் மூலமாக வேலைக்குத் தக்க கூலி பேசினார்கள். பேச்சு ஒத்துவராவிட்டால் கூட்டமாக வேறிடம் சென்றார்கள். ஆகவே அவர்களுக்குக் கிடைத்தது அதிகம். ஒருவன் கையில் கத்தி வேகமாக ஓடியது, மற்றவன் கையில் ஓடவில்லை என்பதன்று காரணம். ஒருவன் ‘போய்விடுவேன்’ என்று சொல்ல முடிந்தது. மற்றவன் சொல்ல முடியவில்லை.

இதைத் தமிழ்த் தொழிலாளர் உணராமல் இருந்தார்கள் என்று நினைக்கலாகாது. 1941-ஆம் வருஷத்தில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் அவர்கள் செய்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் படித்தால் மனம் நெகிழும். சீனருக்குச் சமமான கூலி வேண்டும். குழந்தைகளுக்குக் கல்வி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உறவினர் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். கள்ளைக் கட்டி அழுகிறவன் என்று நாம் யாரை ஏளனம் செய்கிறோமோ, அவனே கள்ளுக்கடையை மூடச் சொல்லிப் போராடினான். பதிலாக வந்தது பட்டாளம். ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். மறு வருஷமே ஜப்பானியர் ஆட்சி வந்தது. சயாம்–பர்மா ரயில்பாதையில் பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் மாண்டார்கள்.

தமிழருக்குள்ளேயே ஒரு சாட்சி

இரத்தமே காரணம் என்போருக்கு மறுமொழி சொல்ல நாம் சீனரிடம் போகவேண்டியதில்லை. அதே மலாய் நாட்டில், அதே காலத்தில், தமிழ் பேசும் வேறு இரு கூட்டத்தாரும் இருந்தார்கள். செட்டிநாட்டிலிருந்து முதலோடு சென்ற நகரத்தார், பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கிட்டங்கி அமைத்து, சீன வியாபாரிகளுக்கே கடன் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றவர்கள் ரயில்வேயிலும் சர்க்கார் ஆபீஸ்களிலும் குமாஸ்தாக்களாகவும், தோட்டங்களில் கிராணிகளாகவும் அமர்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் டாக்டர்களாகவும் வக்கீல்களாகவும் ஆனார்கள். முதலோடு போன தமிழன் முதலாளியானான். படிப்போடு போன தமிழன் உத்தியோகஸ்தனானான். வெறுங்கையோடு அடைபட்ட இடத்துக்குப் போனவன் கூலியாகவே இருந்தான். பாஷை மூவருக்கும் ஒன்றுதான்.

சுதந்திரத்துக்குப் பின்

1948-இல் கம்யூனிஸ்டுக் கலகம் மூண்டது. காட்டோரம் குடியிருந்த ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனரை, 1950 முதல் சர்க்கார் முள்வேலிக்குள் ‘புதுக்கிராமங்களில்’ குடியேற்றியது. அது கொடுமையான காரியமே. ஆனால் அங்கே குடும்பத்துக்கு ஒரு மனை உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, பெரும்பாலான இடங்களில் அருகே சாலை உண்டு. கலகம் அடங்கிய பின் வேலி போயிற்று, மனை நின்றது. அவற்றில் பல இன்று சிறு பட்டணங்கள். தோட்டத்து லயத்தில் இருந்த தமிழனுக்கோ முள்வேலி அகன்ற பிறகும் ஒரு சாண் நிலம் இல்லை.

1957-இல் நாடு சுதந்திரம் பெற்றதும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்தன. அப்போது துன் சம்பந்தன் தொழிலாளரிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டி, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவித் தோட்டங்களையே வாங்கத் தொடங்கினார். தமிழனுக்கு ஒற்றுமையும் சிக்கனமும் இல்லை என்போர் இதை நினைவில் கொள்ளவேண்டும். ஆனால் ஒரு சங்கத்தால் எத்தனை தோட்டங்களை வாங்க முடியும்?

1970-ஆம் வருஷத்துக் கணக்கைப் பாருங்கள். கம்பெனிப் பங்குகளில் அந்நியர் கையில் இருந்தது நூற்றுக்கு ஏறக்குறைய 63. சீனரிடம் 27, மலாய்க்காரரிடம் 2.4, இந்தியரிடம் சுமார் 1. அடுத்த வருஷம் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை மலாய்க்காரரின் வறுமையைப் போக்க முனைந்தது. அவர்களில் மூன்றில் இருவர் வறுமையில் இருந்தபடியால் அது அவசியமும்தான். 1956-இல் ஏற்பட்ட பெல்டா ஸ்தாபனம், பெரும்பாலும் மலாய்க் குடியானவர்களைக் காடு திருத்திய நிலத்தில் குடியேற்றி, ரப்பரும் செம்பனையும் பயிரிடச் செய்து, நிலத்துக்குச் சொந்தக்காரராகும் வழியையும் காட்டியது. அதே ரப்பர் மரத்தைத் தலைமுறைகளாகச் சீவி வந்த தோட்டத் தமிழனுக்கு அத்தகைய வழி திறக்கவில்லை.

பின்னர் தோட்டங்களே மறையத் தொடங்கின. நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா, 1995 முதல் பிராங் பெசார் முதலிய ரப்பர்த் தோட்டங்களின் நிலத்தில் எழுந்தது. அங்கிருந்த தொழிலாளர் அருகேயுள்ள டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். இவ்வாறு பட்டணத்து ஓரங்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் லட்சக்கணக்கானவர்கள். 2007 நவம்பர் 25-ஆம் தேதி கோலாலம்பூர் வீதிகளில் இந்தியர் திரளாக வந்து நின்றதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

பள்ளிக்கூடம் எங்கே கொண்டு போகிறது?

கல்வியிலும் இதே கதைதான். பத்துக் குழந்தைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்று 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி வந்தது, பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் உபாத்தியாயர். ஆரம்பப் படிப்போடு பாதை முடிந்து, பையன் பால் வாளியைத் தூக்கினான். சீனர்களோ கடைக்காரரின் நன்கொடையில் உயர்தரப் பள்ளிகள் நடத்தினார்கள். 1960-களில் சர்க்கார் உதவி நின்றபோதும் விடாமல் காத்ததால், சுமார் 60 சுயேச்சைச் சீன உயர்நிலைப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. தமிழில் அப்படி ஓர் உயர்நிலைப் பள்ளிகூட இல்லை. 1957-இல் 888 ஆக இருந்த தமிழ் ஆரம்பப் பள்ளிகள் இன்று ஏறக்குறைய 530 ஆகக் குறைந்துள்ளன.

2019-ஆம் வருஷத்துச் சர்க்கார்க் கணக்கின்படி, நடுத்தரக் குடும்பத்தின் மாத வருமானம் சீனருக்குச் சுமார் 7,400 வெள்ளி. இந்தியருக்குச் சுமார் 6,000. மலாய்க்காரரை உள்ளிட்ட பூமிபுத்திரருக்குச் சுமார் 5,400. இதைப் பார்த்து, நம்மவர் தாழ்ந்துவிடவில்லையே என்று ஆறுதல் கொள்வார் உண்டு. ஆனால் டாக்டரையும் வக்கீலையும், நேற்றுத் தோட்டம் இழந்தவரையும் ஒரே பத்தியில் போட்டுக் கூட்டிய தொகை இது. ‘இந்தியர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டு உலகங்கள் ஒளிந்திருக்கின்றன. சீனர் கணக்கிலும் ஏழைகள் மறைந்தே இருக்கிறார்கள்.

ஆகையால் நேயர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறோம். மலேசியாவைப் பற்றியோ, நம் ஊரிலேயே உள்ள இரு ஜாதியாரைப் பற்றியோ, ஒருவர் முன்னேறினார், ஒருவர் பின்தங்கினார் என்று பேச்சு வரும்போது, குணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன் சில விவரங்களை விசாரியுங்கள். அவர்கள் குடியிருந்த வீடு யாருடையது? வேலையை விட்டால் போக இடம் இருந்ததா? அவர்கள் குழந்தைகளின் பள்ளிக்கூடம் அடுத்த பள்ளிக்கூடத்துக்கு வழிகாட்டியதா? மலாய் நாட்டுத் தமிழருக்கு உதவ விரும்புவோரும் இவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். பட்டா உள்ள ஒரு வீடும், ஆறாம் வகுப்புக்குப் பின் நிற்காத ஒரு படிப்பும் கிடைத்த குடும்பங்களில், கங்காணியின் பின்னால் கப்பலேறியவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று பொறியியலும் மருத்துவமும் பயில்கிறார்கள். தாத்தாவுக்கும் பேரனுக்கும் இடையே மாறியது இரத்தமன்று, வாசல்தான்.