எஸ்டர் பிளவுறும் வேகம்

நன்னிலம் வட்டார ஆலைகளில் அரிசியைத் தீட்டும்போது கிடைக்கும் தவிட்டில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு எண்ணெய் உண்டு. வேதியியலின் பார்வையில் அந்த எண்ணெய் ஓர் எஸ்டர், அதாவது கொழுப்பு அமிலமும் கிளிசரால் என்னும் ஆல்கஹாலும் பிணைந்த சேர்மம் ஆகும். பச்சரிசித் தவிட்டில் உள்ள லிப்பேஸ் என்னும் நொதி, தீட்டி முடித்த உடனேயே அந்தப் பிணைப்பை அறுத்து அமிலத்தை விடுவிக்கத் தொடங்கிவிடுவதால், சில நாள் கிடந்த தவிட்டின் எண்ணெய் சமையலுக்கு உதவாமல் சோப்புத் தொழிலுக்கே போய்ச் சேர்ந்தது. புழுங்கல் அரிசியின் தவிட்டிலோ, நெல் அவியும்போதே நொதி செயலிழந்துவிடுவதால், இந்தக் கேடு பெரிதும் குறைகிறது. சோப்புக் கொப்பரையிலும் அறுபடுவது அதே பிணைப்புதான். ஆனால் அங்கே அதை அறுப்பது எரிசோடா எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடு. இவ்வாறு காரம் எஸ்டரைப் பிளப்பதே சோப்பாதல் வினை.

இதன் வேகத்தை அளக்க எண்ணெய் ஏற்றதன்று. எண்ணெய் நீரில் கரையாது என்பதால், அளவீட்டில் கிடைப்பது வினையின் வேகமா, கலக்கிய வேகமா என்று பிரித்தறிய முடியாமல் போகும். எனவே நீரில் கரையும் எளிய எஸ்டரான எத்தில் அசிட்டேட்டைக் கொண்டு 1881இல் ராபர்ட் வார்டர் என்னும் அமெரிக்க வேதியியலார் இவ்வேகத்தை ஆராய்ந்தார். கல்லூரி ஆய்வகங்களில் இன்றும் அதே எஸ்டர்தான் பயன்படுகிறது.

0.02 மோலார் செறிவுள்ள எஸ்டர் கரைசலும் அதே செறிவுள்ள எரிசோடாக் கரைசலும் சம அளவில் கலக்கப்படும் கணத்தில் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. குறித்த நேரங்களில் கலவையிலிருந்து 10 மில்லிலிட்டர் பிப்பெட்டால் எடுக்கப்பட்டு, அளவு தெரிந்த மிகுதியான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் விடப்படுகிறது. அமிலம் எஞ்சிய காரம் முழுவதையும் நொடியில் நடுநிலையாக்கிவிடுவதால், வினை அந்த நேரத்து நிலையிலேயே நின்றுபோகிறது. மீந்த அமிலத்தைப் பியூரெட்டிலிருந்து காரம் விட்டு, பினாப்தலீன் என்னும் நிறங்காட்டி இளஞ்சிவப்பாகும் வரை தரம்பார்த்தால், வினையில் செலவான காரம் எவ்வளவு என்பது கணக்கில் வந்துவிடும். வந்த இளஞ்சிவப்பு சற்று நேரத்தில் வெளிறுவது மாணவரைக் குழப்பக்கூடும். குடுவையில் இன்னும் பிளவுறாத எஸ்டர், புதிதாக விட்ட காரத்தையும் உண்ணத் தொடங்குவது அதற்கு ஒரு காரணம் என்பதால், நிறம் முதலில் நிலைத்த அளவையே எடுத்துக்கொண்டு விரைந்து முடிப்பது நல்லது.

25 டிகிரி செல்சியஸில் இக்கலவையின் காரத்தில் பாதி தீர ஏறத்தாழ 15 நிமிடம் ஆகும். எஞ்சியதில் பாதி தீர 30 நிமிடம் ஆகும். வேகம் எஸ்டர், காரம் ஆகிய இரண்டின் செறிவையும் சார்ந்திருப்பதால், இரண்டும் பாதியானால் வேகம் நான்கில் ஒன்றாகிவிடுகிறது. இத்தகையதே இரண்டாம் வகை வினை. எஞ்சிய செறிவின் தலைகீழியை நேரத்திற்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்கும், அதன் சாய்வே வினைவேக மாறிலி.

1906இல் வேதியியலார் ஜேம்ஸ் வாக்கர் காட்டிய வழியில் தரம்பார்த்தலே தேவையில்லை. மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும் ஹைட்ராக்சைடு அயனிகள் மறைந்து, அவற்றின் இடத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே கடத்தும் அசிட்டேட் அயனிகள் தோன்றுவதால், கரைசலின் கடத்துத்திறன் வினையோடு கூடவே இறங்குகிறது. வினையைக் குலைக்காமலே அதைத் தொடர முடிவது இம்முறையின் பெருஞ்சிறப்பு.

எம்முறையிலும் வெப்பநிலையே முதற்கவலை. 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு ஏறினால் இவ்வினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. காவிரி டெல்டாவின் சித்திரை, வைகாசி வெயிலில் ஆய்வகம் 35 டிகிரியை எளிதில் தாண்டுவதால், புத்தகத்தில் உள்ள 25 டிகிரி மதிப்போடு ஒப்பிட வேண்டுமானால், இரு கரைசல்களும் கலப்பதற்கு முன்பே வெப்பநிலை மாறாத நீர்த்தொட்டியில் குளிர்ந்து நிற்க வேண்டும்.