மூச்சு வாங்குறவங்க மூஞ்சியில கவரை வைக்காதீங்க

சிம்மக்கல் பஸ் ஸ்டாப்புல ஒருத்தருக்குத் திடீர்னு மூச்சு வாங்குது, விரல் இழுக்குதுன்னு வைங்க. யாராவது பேப்பர் கவரை நீட்டுவாங்க. சினிமா பார்த்த பழக்கம்!

வேகமா மூச்சு விட்டா கார்பன் டை ஆக்சைடு அதிகமா வெளியே போயிடும். ரத்தத்துல காரத்தன்மை ஏறும், கட்டில்லாம சுத்துற கால்சியம் குறையும். விரல் இழுக்கிறது அதனாலதான். விட்ட மூச்சையே திரும்ப இழுத்தா சரியாகும்கிறதுதான் கவரோட கணக்கு. ஆனா கவருக்குள்ள ஆக்சிஜனும் குறையுதே? மாரடைப்பையும் ஆக்சிஜன் குறைவையும் பதற்றம்னு நினைச்சு கவரைக் கொடுத்ததுல மூணு பேர் இறந்ததை, 1989-ல அமெரிக்க டாக்டர் மைக்கேல் கலஹாம் எழுதினார். ஆக்சிஜனைத் திறக்காம மாஸ்க்கை மட்டும் மாட்டுறதும் அதே ஆபத்துதான்.

உட்கார வைங்க, மெதுவா மூச்சு விடச் சொல்லுங்க, 108-க்கு அடிங்க. பாலத்தைத் தாண்டினா பெரியாஸ்பத்திரி.