இடைத்தங்கலில் காத்திருக்கும் பயணி: சலுகை எது, உரிமை எது?

ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2024 ஏப்ரல் 16 ஆம் திகதி பெய்த மழை, 1949 ஆம் ஆண்டு முதல் அங்கு பேணப்பட்டுவரும் பதிவுகளில் காணப்படாத பெருமழையாகும். டுபாய் சர்வதேச விமான நிலையம் வெள்ளத்தில் மூழ்கியது. எமிரேட்ஸ் நிறுவனம் மாத்திரம் ஏறத்தாழ 400 சேவைகளை இரத்துச் செய்தது. ஆயிரக்கணக்கான பயணிகள் விமான நிலையத்தின் தரையிலேயே இரவைக் கழிக்க நேர்ந்தது. சில நாட்களின் பின்னர் அந்நிறுவனத்தின் தலைவர் பகிரங்கக் கடிதமொன்றின் மூலம் மன்னிப்புக் கோரினார். 12,000 இற்கும் அதிகமான ஹொட்டேல் அறைகளும் 250,000 உணவுச் சிட்டைகளும் வழங்கப்பட்டதாக அதில் குறிப்பிட்டிருந்தார். மறு ஆண்டு, 2025 ஜூன் 23 ஆம் திகதி, கட்டார் தனது வான்பரப்பைத் திடீரென மூடியபோது டோஹாவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த விமானங்கள் வேறு நாடுகளுக்குத் திருப்பப்பட்டன.

இவ்விரு நகரங்களும் இலங்கையருக்குத் தொலைவானவை அல்ல. கொழும்பிலிருந்து இலண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ செல்லும் தமிழ்க் குடும்பங்களும், உம்றாவுக்காக ஜித்தா செல்லும் முஸ்லிம் யாத்திரிகர்களும், தொழிலுக்காக வளைகுடா நாடுகளுக்குச் செல்வோரும் இவ்வாறான ஓர் இடைத்தங்கல் விமான நிலையத்தைக் கடந்தே பெரும்பாலும் பயணிக்கின்றனர். அங்கு பல மணித்தியாலங்கள் காத்திருக்க நேர்கையில், விமான நிறுவனம் வழங்கும் உணவுச் சிட்டையைத் தரும காரியமாகக் கருதி நன்றி கூறுவோர் பலர். எதுவும் வழங்கப்படாதவிடத்து விதியை நொந்து அமர்ந்திருப்போரும் பலர். ஆனால் எது சலுகை, எது உரிமை என்பதை அறிந்திருப்பவரே கேட்கவேண்டியதைக் கேட்டுப் பெறுகின்றார்.

காத்திருப்பு இரு வகைப்படும்

முதலில் ஓர் அடிப்படை வேறுபாட்டை விளங்கிக்கொள்ள வேண்டும். சீட்டை வாங்கும்போதே அதில் குறிக்கப்பட்டுள்ள காத்திருப்பு ஒரு வகை. விமானம் தாமதித்தமையாலோ இரத்தானமையாலோ பயணியின் மீது சுமத்தப்படும் காத்திருப்பு மற்றொரு வகை.

முதலாவது வகையில், காத்திருப்பு பதினான்கு மணித்தியாலமாயினும் அது பயணி ஒப்புக்கொண்ட நேரசூசியாகும். அதற்காக விமான நிறுவனம் எதனையும் வழங்கவேண்டுமெனச் சட்டம் பொதுவாக நிர்ப்பந்திப்பதில்லை. எனினும், நெருங்கிய இணைப்பு விமானம் இல்லாதபோது நீண்ட இடைத்தங்கலுக்குத் தமது செலவில் ஹொட்டேல் வசதி அளிக்கும் நிறுவனங்கள் உள்ளன. இவ்வசதியைப் பயணத்துக்கு முன்னரே கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். மலிவான சீட்டுகளுக்கு இது கிடைக்காமலும் போகலாம். எனவே சீட்டைத் தேடும்போது விலையை மட்டுமன்றி இதனையும் முகவரிடம் கேட்டறிவது அவசியம். ஹொட்டேல் செலவையும் உணவுச் செலவையும் கூட்டிப் பார்த்தால், மலிவாகத் தோன்றிய சீட்டு சிலவேளை மலிவானதல்ல என்பது தெரியவரும்.

இரண்டாவது வகையில்தான் உரிமை என்ற கேள்வி எழுகின்றது. அதற்கான விடையை மூன்று விடயங்கள் தீர்மானிக்கின்றன. சீட்டு ஒன்றா இரண்டா என்பது முதலாவது. பயணம் எந்த நாட்டிலிருந்து தொடங்கியது என்பது இரண்டாவது. தாமதத்துக்கான காரணம் யாது என்பது மூன்றாவது.

ஒரு சீட்டும் இரு சீட்டும்

முழுப் பயணமும் ஒரே முற்பதிவில் அமைந்திருந்தால், முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்ட பயணியை இறுதி இடத்துக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு நிறுவனத்தையே சாரும். மாறாக, பணத்தை மிச்சப்படுத்தும் நோக்கில் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு ஒரு சீட்டும், சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கு வேறொரு சீட்டும் வாங்கியவரின் நிலை வேறு. முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது நிறுவனத்தின் பார்வையில் அவர் நேரத்துக்கு வராத பயணி மாத்திரமே. சீட்டும் வீணாகலாம். அத்துடன், பொதிகளைப் பெற்று மீண்டும் ஒப்படைப்பதற்குக் குடிவரவுப் பகுதியைக் கடக்கவேண்டி வருமாயின் அந்நாட்டின் விசாவும் தேவைப்படும். தனித்தனிச் சீட்டுகளில் செல்வதைத் தவிர்க்க முடியாதவர்கள் இரண்டுக்குமிடையே போதிய இடைவெளி விடுவதே பாதுகாப்பானது.

எங்கிருந்து புறப்பட்டீர்கள்?

சர்வதேச விமானப் பயணத்துக்கான பொதுச் சட்டமாக 1999 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை விளங்குகின்றது. இலங்கை 2018 இல் இதில் இணைந்துகொண்டது. தாமதத்தால் பயணிக்கு ஏற்படும் நட்டத்துக்கு விமான நிறுவனம் பொறுப்பாகும் என இவ்வுடன்படிக்கை கூறுகின்றது. அதன் உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28 முதல், சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகான சிறப்பு எடுப்பனவு உரிமையில் 6,303 ஆகும். இது எட்டாயிரம் அமெரிக்க டொலருக்கும் கூடிய தொகை. ஆயினும் இத்தொகை தானாகக் கிடைப்பதல்ல. பயணி தனக்கு ஏற்பட்ட நட்டத்தை ஆதாரத்துடன் நிரூபிக்க வேண்டும். நியாயமாக எடுக்கக்கூடிய சகல நடவடிக்கைகளையும் தான் எடுத்ததாக நிறுவனம் நிரூபித்தால் அது பொறுப்பிலிருந்து விடுபடலாம். வழக்குத் தொடர்வதற்கான கால எல்லை இரண்டு வருடங்களாகும்.

ஐரோப்பிய ஒன்றியம் இதனினும் ஒருபடி மேலே சென்றது. 2005 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 261/2004 ஆம் இலக்க ஒழுங்குவிதி, தூரத்துக்கேற்ப 250, 400, 600 யூரோ என நிலையான நட்டஈட்டை நிர்ணயித்தது. இறுதி இடத்தை மூன்று மணித்தியாலமோ அதற்கு மேலோ தாமதமாக அடைவோருக்கும் இது உரியதென ஐரோப்பிய நீதிமன்றம் 2009 இல் தீர்ப்பளித்தது. ஒன்றியத்திலிருந்து விலகிய பிரித்தானியாவும் இதே விதியைத் தனது சட்டமாக வைத்துக்கொண்டுள்ளது. அங்கு நீண்ட தூரப் பயணத்துக்கான உச்சத் தொகை 520 பவுணாகும்.

இவ்விதி ஐரோப்பாவிலிருந்தோ பிரித்தானியாவிலிருந்தோ புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் பொருந்தும். ஆனால் வெளியிலிருந்து அங்கு செல்லும்போது ஐரோப்பிய அல்லது பிரித்தானிய நிறுவனங்களின் விமானங்களை மாத்திரமே அது கட்டுப்படுத்தும். மான்செஸ்டரிலிருந்து டுபாய் வழியாக பாங்கொக் சென்ற பயணியொருவர், முதல் விமானம் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் தாமதித்ததால் இணைப்பைத் தவறவிட்டு, சுமார் 13 மணித்தியாலம் பிந்திச் சென்றடைந்தார். எமிரேட்ஸ் சம்பந்தப்பட்ட இவ்வழக்கில் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2017 இல் தீர்ப்பளிக்கையில், இறுதி இடத்தில் ஏற்பட்ட முழுத் தாமதத்தையுமே கணக்கிலெடுக்க வேண்டும் எனக் கூறியது. இலண்டனிலிருந்து வளைகுடா வழியாகக் கொழும்பு வரும் பயணிக்கும் இத்தீர்ப்பின் பயன் உண்டு.

ஆனால் அதே பயணி திரும்பிச் செல்லும்போது நிலைமை மாறுகின்றது. போக்கும் வரவும் ஒரே சீட்டில் இருந்தாலும் அவை இரு வேறு பயணங்களாகவே கொள்ளப்படும் என்பதை ஐரோப்பிய நீதிமன்றம் 2008 இல் தெளிவுபடுத்தியது. ஆகவே டுபாயின் ஒரே மண்டபத்தில் அருகருகே அமர்ந்திருக்கும் இரு இலங்கையரில், இலண்டனிலிருந்து வந்தவருக்கு உணவும் ஹொட்டேலும் சட்டப்படியான உரிமைகள். கொழும்பிலிருந்து அதே நிறுவனத்தின் விமானத்தில் வந்து இலண்டன் செல்லவிருப்பவருக்கு அந்தச் சட்டம் எதனையும் வழங்குவதில்லை.

கனடாவின் விதிகள் 2019 இல் நடைமுறைக்கு வந்தன. அவை கனடாவிலிருந்து புறப்படும் விமானங்களுக்கும் கனடாவுக்கு வரும் விமானங்களுக்கும் பொருந்துகின்றன. நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குட்பட்ட, பாதுகாப்புடன் தொடர்பற்ற காரணத்தால் தாமதம் நேர்ந்தால், பெரிய நிறுவனங்கள் 400 முதல் 1,000 கனேடிய டொலர் வரை வழங்க வேண்டும். அதற்கான கோரிக்கையை ஒரு வருடத்துக்குள் சமர்ப்பிக்க வேண்டும். இந்தியாவில், இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் புறப்படவேண்டிய விமானம் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் தாமதித்தால் தங்குமிடம் வழங்கப்பட வேண்டும் என்ற விதி உண்டு. சவூதி அரேபியாவும் 2023 நவம்பரில் புதிய விதிகளை நடைமுறைப்படுத்தி, தாமதத்தின் அளவுக்கேற்ப உணவும் தங்குமிடமும் வழங்கும் கடப்பாட்டை நிறுவனங்கள் மீது சுமத்தியுள்ளது.

இயற்கை அனர்த்தம் ஒரு சாட்டாகுமா?

புயல், வெள்ளம், வான்பரப்பு மூடப்படுதல் போன்ற அசாதாரண நிலைமைகளில் நட்டஈடு வழங்கவேண்டியதில்லை என்பதை ஐரோப்பிய விதியும் ஏற்றுக்கொள்கின்றது. ஆனால் நட்டஈடு வேறு, பராமரிப்பு வேறு. 2010 இல் ஐஸ்லாந்தின் எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்பரப்பு மூடப்பட்டபோது, பயணியொருவருக்கு உணவும் தங்குமிடமும் வழங்காத ரயன்எயார் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் 2013 இல் தீர்ப்பு வெளியானது. எத்தகைய அசாதாரண நிலைமையிலும் பராமரிக்கும் கடமை நீங்காது என்பதே அத்தீர்ப்பின் சாரம். “மழைக்கு நாங்கள் பொறுப்பல்ல” என்ற பதிலைக் கேட்டதும் பின்வாங்கிவிடும் பயணிகள் இந்த வேறுபாட்டை மனதிற்கொள்ள வேண்டும்.

கடவுச்சீட்டு எழுப்பும் தடை

இலங்கைக் கடவுச்சீட்டை வைத்திருப்போருக்கு மேலதிகமான சிக்கலொன்றும் உண்டு. ஷெங்கன் நாடுகளின் விமான நிலையங்களில் வெளியே செல்லாமல் விமானம் மாறுவதற்குக்கூட இலங்கையர் விமான நிலைய இடைத்தங்கல் விசா பெற்றிருக்க வேண்டும். கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளின் செல்லுபடியான விசாவோ வதிவிட அனுமதியோ உள்ளவர்களுக்கு விதிவிலக்குகள் உள்ளன. ஆகவே, தாமதத்தின் பின்னர் “உங்களைப் பிராங்பேர்ட் வழியாக அனுப்புகிறோம்” என நிறுவனம் கூறும்போது, தமது கடவுச்சீட்டுக்கு அவ்வழி திறந்திருக்கின்றதா என்பதை உடனேயே கேட்க வேண்டும். இல்லையெனில் வேறு வழியைக் கோர வேண்டும். ஹொட்டேல் அறை நகரத்தினுள் இருக்குமாயின் நாட்டினுள் நுழையும் அனுமதியை யார் பெற்றுத்தருவது என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

பயணி செய்யவேண்டியவை

இடைத்தங்கலுக்குத் தேவையானவை கைப்பொதியில் இருப்பது அவசியம். குறைந்தது இரண்டு நாட்களுக்கான மருந்துகள், வைத்தியரின் சிட்டை, ஒரு மாற்றுடை, தொலைபேசி மின்னேற்றி, சீட்டினதும் விசாவினதும் கடதாசிப் பிரதிகள் என்பன அவற்றுள் அடங்கும். உம்றா யாத்திரிகர்கள் இஹ்ராம் ஆடையைப் பெரிய பொதியினுள் வைத்துவிடக் கூடாது. ஜித்தா செல்லும் விமானம் வானிலேயே மீக்காத் எல்லையைக் கடந்துவிடும். அதற்கு முன்னர் இஹ்ராம் பூணவேண்டியிருப்பதால் ஆடை கைவசம் இருந்தாக வேண்டும். முதியோருக்கான சக்கர நாற்காலியையும் விசேட உணவையும் முன்கூட்டியே பதிந்துகொள்ளலாம்.

தாமதம் அறிவிக்கப்பட்டதும் நிறுவனத்தின் கருமபீடத்தில் வரிசையில் நிற்கும் அதேவேளை, தொலைபேசி வாயிலாகவும் தொடர்புகொள்வது நன்று. தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். அறிவித்தல் பலகையைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளலாம். உணவும் தங்குமிடமும் கிடைக்காது சொந்தப் பணத்தைச் செலவிட நேர்ந்தால், செலவு நியாயமான அளவில் இருக்க வேண்டும். பற்றுச்சீட்டுகள் பத்திரப்படுத்தப்பட வேண்டும். பணத்துக்குப் பதிலாகப் பயண வவுச்சர் தருவதாகக் கூறி நீட்டப்படும் கடதாசியில் வாசிக்காமல் கையொப்பமிடலாகாது. பொதி வந்து சேராவிடின், விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன்னரே முறைப்பாட்டைப் பதிந்து அதன் இலக்கத்தைப் பெறவேண்டும். சேதமடைந்த பொதிக்கு 7 நாட்களுக்குள்ளும், தாமதமாகக் கிடைத்த பொதிக்கு அது கையளிக்கப்பட்டதிலிருந்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்துமூலம் முறையிட வேண்டும் என்பது மொன்றியல் உடன்படிக்கையின் நிபந்தனை.

அறியாதவரின் உரிமை

இவையனைத்தும் வாசிக்கவும் எழுதவும் வாதிடவும் தெரிந்தவருக்கு ஓரளவு எளிதானவை. ஆனால் முதன்முறையாக வெளிநாடு செல்லும் பணிப்பெண்ணின் சீட்டை வாங்கியவர் முகவர். பணம் செலுத்தியவர் தொழில்வழங்குநர். இடைத்தங்கலில் ஒலிபரப்பாகும் அறிவித்தலின் மொழியோ அவருக்கு விளங்காதது. சீட்டுக்குப் பணம் கட்டியவர் எவராயினும் பயணம் செய்பவரே பயணி என்பதையும், உணவு கேட்பது இரந்து நிற்பதல்ல என்பதையும் அவருக்கு எவரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

இந்நிலை மாறுவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் புறப்படுமுன் பயிற்சியில் இதற்கென ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கலாம். ஹஜ், உம்றா முகவர்கள் தமது விளக்கக் கூட்டங்களில் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரத்தை வழங்கலாம். பயணிகளின் உரிமைகள் கட்டுநாயக்கவிலும் பலாலியிலும் மூன்று மொழிகளிலும் காட்சிப்படுத்தப்படலாம். இவற்றுக்கும் மேலாக, இலங்கையிலிருந்து புறப்படும் ஒவ்வொரு விமானத்துக்கும் பொருந்தக்கூடியவாறு, எத்தனை மணித்தியாலத் தாமதத்துக்கு எது வழங்கப்பட வேண்டும் எனத் தெளிவாகக் கூறும் விதிகள் எமது நாட்டிலும் வேண்டும். கொழும்பிலிருந்து புறப்பட்ட காரணத்தினால் மாத்திரம் ஓர் இலங்கையர் தமக்கு அருகில் அமர்ந்திருப்பவரைவிடக் குறைந்த உரிமையுடையவராகும் நிலைக்கு அதுவே முடிவு கட்டும்.