பங்கிட்டுச் சுமந்த பாரம்

விஞ்ஞானத்தின் பெருங் கண்டுபிடிப்புக்களைத் தனி மனிதரின் பெயரோடு பிணைத்துப் பேசுவது நம்மிடையே ஊறிப்போன வழக்கம். ஹிக்ஸ் போசன் என்னும் துணிக்கையைப் பற்றிய பேச்சும் அத்தகையதே. அதற்கு அடிப்படையான கோட்பாட்டை 1964இல் வகுத்தோருள் பீற்றர் ஹிக்ஸ், பிரான்சுவா எங்லேர்ட் ஆகிய இருவரும் 2013இல் நோபெல் பரிசு பெற்றனர். அப்பெருமை அவர்களுக்குத் தகும். ஆயின், அத்துணிக்கை உண்டென மெய்ப்பித்த உழைப்பு எத்தகையது? அது பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றேன்.

சுவிற்சர்லாந்தும் பிரான்சும் சந்திக்கும் எல்லையில், ஜெனீவா நகருக்கு அண்மையிலே, நிலத்தின் கீழ் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள சுரங்கமொன்று உண்டு. சேர்ண் என்னும் ஐரோப்பிய ஆய்வு நிலையம் அங்கு நிறுவிய மோதுவியில், 2008 செப்டெம்பர் 10ஆம் நாள் புரோத்தன் கற்றைகள் முதன்முதலாக முழுச் சுற்றும் ஓடின. புரோத்தன் திரள்கள் அதிலே செக்கனுக்கு நான்கு கோடி முறை வரை ஒன்றையொன்று ஊடறுக்கின்றன. அவை அனைத்தையும் பதிந்து வைத்தல் இயலாத காரியம். எனவே, கருவிகள் கணப்பொழுதில் ஆராய்ந்து, செக்கனுக்கு ஏறத்தாழ ஆயிரம் நிகழ்வுகளை மாத்திரமே தெரிந்தெடுக்கின்றன. கழிக்கப்பட்டவை கழிந்தவையே, அவற்றை மீட்பார் எவருமிலர்.

எஞ்சியதும் சிறிதன்று. 2017 யூன் மாதத்தில் சேர்ணின் காந்த நாடாக்களிலே சேர்ந்திருந்த தரவு 200 பெட்டாபைட்டைக் கடந்தது. ஒரு பெட்டாபைட் என்பது பத்து இலட்சம் ஜிகாபைட் ஆகும். இப்பாரத்தை ஒரே நிலையம் சுமத்தல் அரிதென முன்னரே உணர்ந்தமையால், உலகெங்குமுள்ள கணனிகளை ஒருங்கிணைக்கும் திட்டம் 2001இல் ஏற்கப்பட்டது. இன்று நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 170 நிலையங்கள் அதிற் பங்குகொள்கின்றன. மூலத் தரவின் ஒரு படி சேர்ணிலே இருக்கும். மற்றொரு படி பெரு நிலையங்களிடையே பகிர்ந்து வைக்கப்படும். சர்வகலாசாலைகளும் ஆய்வு நிறுவனங்களும் கணிப்பு வேலைகளைப் பங்கிட்டுக் கொள்ளும். மும்பாயிலும் கொல்கத்தாவிலும் இத்தகைய நிலையங்கள் உள.

விளக்கை ஏற்றுபவன் மின்சாரம் எந்த அணைக்கட்டிற் பிறந்ததென ஆராய்வதில்லை. அவ்வாறே, தன் கணக்கு எந்த நாட்டிலே செய்யப்பட்டதென ஆய்வாளன் அறிய வேண்டுவதில்லை. 2012 யூலை 4ஆம் நாள் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டபோது, அப்போதைய தலைமை இயக்குநர் றொல்ப் ஹொயர், ஆர்முடுக்கியோடும் பரிசோதனைகளோடும் இக்கணனி அமைப்பையும் சேர்த்தே பாராட்டினார். வாரங்களுக்கு முன் சேர்ந்த தரவும் அந்த முடிவிலே இடம்பெற்றிருந்தது.

எனினும், இத்தகைய கூட்டுறவு நாடுகளின் நல்லுறவைச் சார்ந்தது. உக்ரேன் போரையடுத்து, ரஷ்யாவுடனான சேர்ணின் ஒப்பந்தம் 2024 நவம்பரில் முடிவுற்றது. பகிர்ந்து சுமந்த பாரத்திலிருந்து ஒரு தோள் விலகினால், அச்சுமை மற்றைத் தோள்களிலேயே இறங்கும்.

ஹிக்ஸின் பெயரைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், நாடா காத்தோரையும் கணனி பேணியோரையும் அதே பாடத்திலே குறிப்பிடல் வேண்டும் என்பது என் கருத்து. விஞ்ஞானம் மேதைகளுக்கு மாத்திரமே உரியதென ஒதுங்கி நிற்கும் மாணவன், தனக்கும் அங்கே ஓரிடம் உண்டென்பதை அப்பொழுதுதான் அறிவான்.