நாயின் மொழியும் நம்மவர் மயக்கமும்

குரைக்கின்ற நாய் கடியாது என்பது தமிழரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. வீண் ஆரவாரம் செய்யும் மனிதரைக் குறித்து எழுந்த அம்மொழி, அவர்களைப் பொறுத்தவரையில் பெரும்பாலும் பொருந்தக்கூடியதே. ஆனால் அதனை மீண்டும் நாயின்மீதே ஏற்றி, படலையடியில் நின்று குரைக்கும் பிராணியை அஞ்சாது அணுகுவோர் வைத்தியசாலை வாயிலில் நின்று வருந்த நேரிடுகின்றது. குரைத்தலும் கடித்தலும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. அச்சமுற்ற நாய் முதலிற் குரைக்கும். விலகிச் செல்ல வழியில்லாதவிடத்துக் கடிக்கவுஞ் செய்யும்.

வீட்டில் நாய் வளர்ப்போர் அதன்மீது அன்பில்லாதவர் அல்லர். எனினும் நாயின் உடல் பேசும் மொழியை மனித மொழியாகக் கொண்டு பொருள் காண்பதனால், அன்பிருந்தும் தவறிழைக்கின்றனர். அத்தவற்றின் பயனைப் பெரிதும் அனுபவிப்போர் சிறுவர்களே.

வாலாட்டும் நாய் மகிழ்ந்திருக்கின்றது என்பது பொது நம்பிக்கை. உண்மையில் வாலசைவு காட்டுவது உள்ளக் கிளர்ச்சியை மாத்திரமே. அக்கிளர்ச்சி இன்பத்தாலும் எழலாம், சினத்தாலும் எழலாம். உடல் முழுவதும் குழைந்து நெளிய, வால் தளர்ந்து அகல வீசப்படுமாயின் அது வரவேற்பு. உடல் விறைத்து, வால் உயர்ந்து நின்று துடிக்குமாயின் அது எச்சரிக்கை. வளர்ப்பவரைக் கண்ட நாய் வாலை வலப்பக்கமாக மிகுத்து வீசுவதையும், அறிமுகமற்ற முரட்டு நாயைக் கண்டபோது இடப்பக்கமாக மிகுத்து வீசுவதையும் இத்தாலிய ஆராய்ச்சியாளர் 2007 இல் எடுத்துக்காட்டினர். வாலின் பக்கத்தை அளந்துகொண்டு நிற்க எவருக்கும் அவகாசம் இராது. உடலின் விறைப்பையும் தளர்வையும் ஒரு சிறுவனும் கண்டறியலாம்.

உறுமலைப் பற்றிய மயக்கம் இதனினும் கேடு பயப்பது. நாய் உண்டுகொண்டிருக்கும்போது குழந்தை அதன் கோப்பையருகே தவழ்ந்து செல்கின்றது. நாய் உறுமுகின்றது. வீட்டுத் தலைவர் வேலியிலே ஒரு பூவரசங் கம்பை முறித்து இரண்டு அடி போடுகின்றார். உறுமல் நிற்கின்றது, நாய் திருந்திவிட்டதென வீட்டார் எண்ணுகின்றனர். ஆனால் நின்றது உறுமல் மாத்திரமே. உணவைப் பறித்துவிடுவரோ என்னும் அச்சம் நிற்கவில்லை. குழந்தை வந்தால் அடியும் வரும் என்னும் புதிய அச்சமும் அதனோடு சேர்ந்துகொண்டது. அடுத்த முறை அந்நாய் எச்சரியாமலே கடிக்கக்கூடும். 'ஒருநாளேனும் உறுமியறியாத நாய் திடீரெனக் கடித்துவிட்டது' என்று சொல்லப்படும் நிகழ்ச்சிகளுள் சிலவற்றின் பின்னே இத்தகைய அடி மறைந்திருத்தல் கூடும். உறுமல் ஓர் அபாய மணி. அம்மணியின் நாவை அறுத்துவிட்டு அபாயம் நீங்கியதென இருத்தல் பேதைமை.

செய்யத்தக்கது கடினமானதன்று. நாய் உண்ணுமிடத்தை ஒதுக்கமாக அமைத்துக் குழந்தையை அங்கே விடாதிருத்தல் வேண்டும். வீட்டுப் பெரியவர் அவ்வழியாற் செல்லுந்தோறும், சற்றுத் தொலைவில் நின்றே, கோப்பையில் உள்ளதைவிடச் சுவையான ஒரு மீன்துண்டை எறிந்து செல்லலாம். மனிதர் வருவது இழப்பன்று, பேறே என்பதை நாய் நாளடைவில் உணர்ந்துகொள்ளும்.

இனி, குற்றமுள்ள நெஞ்சைப் பற்றிய நம்பிக்கை. வீட்டார் வெளியே சென்று மீளுகையில் செருப்பொன்று கடித்துக் குதறப்பட்டுக் கிடக்கின்றது. நாயோ காதைத் தாழ்த்தி, வாலை ஒடுக்கி, கடைக்கண்ணாற் பார்க்கின்றது. 'செய்த பிழை அதற்குத் தெரியும். முகத்தைப் பாருங்கள்' என்கின்றனர். அமெரிக்க அறிஞர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் அம்மையார் 2009 இல் வெளியிட்ட ஆய்வு இம்முகத்தைச் சோதித்தது. தின்னக்கூடாதென்று விலக்கிய பண்டத்தருகே நாயை விட்டு வளர்ப்பவர் வெளியேறினார். அவர் திரும்பியபோது, நாய் பண்டத்தைத் தின்றதா இல்லையா என்பது பற்றிச் சிலவேளை மெய்யும் சிலவேளை பொய்யும் அவருக்குக் கூறப்பட்டது. நாய் தின்றதோ இல்லையோ, வளர்ப்பவர் கடிந்துகொண்டபோதே அம்முகம் மிகுதியாகத் தோன்றிற்று. ஒரு பாவமும் அறியாத நாய்கள் கடியப்பட்டபோதுதான் அது மிகவும் தெளிவாகத் தென்பட்டது. ஆகவே அம்முகம் குற்ற உணர்ச்சிக்குச் சான்றாகாது; எதிரே நிற்பவரின் சினத்துக்கு அஞ்சும் முகமே அது.

காலையிற் கடித்த செருப்புக்கு மாலையில் அடித்தால், அவ்விரண்டையும் நாய் தொடர்புபடுத்தமாட்டாது. வெகுமதியாயினும் தண்டனையாயினும் செயலை ஒட்டி உடனே நிகழ்ந்தால்தான் அதற்குப் பொருள் விளங்கும். குட்டி விறாந்தையை நனைத்துவிட்டால் அதன் மூக்கை அவ்விடத்தில் வைத்துத் தேய்க்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அதனாற் குட்டி கற்பது, வீட்டார் காணும்படி சிறுநீர் கழிக்கலாகாது என்பதே; பின்னர் அது கட்டிலின் அடியைத் தேடும். உறங்கியெழுந்தவுடனும் உண்டவுடனும் குட்டியை முற்றத்துக்குக் கொண்டுசென்று, காரியம் முடிந்த கணமே பாராட்டினால் பயன் உண்டு. 'வா' என அழைத்து, வந்த நாயை அடிப்பவரைப் பற்றி என்ன சொல்வது? தம் அழைப்பின் மதிப்பைத் தாமே கெடுத்துக்கொள்பவர் அவர்.

இத்தனை அடிக்கும் நியாயங் கூறுவதற்கு மேனாட்டார் ஒரு கொள்கையையும் வைத்திருந்தனர். நாய் ஓநாயின் வழிவந்தது. ஓநாய்க் கூட்டத்தில் வலியது தலைமை ஏற்று ஏனையவற்றை அடக்கும். ஆதலின் மனிதரும் நாயை அடக்கித் தலைமையை நிலைநாட்டல் வேண்டும் என்பது அக்கொள்கை. அதன் வேர் 1947 இல் ருடோல்ஃப் ஷெங்கெல் வெளியிட்ட ஆய்வு. அவர் நோக்கியவை சுவிற்சர்லாந்தின் பாசல் நகர விலங்குக் காட்சிச்சாலையில் அடைக்கப்பட்டிருந்த ஓநாய்கள். ஓடிப்போக இடமில்லாத வேலிக்குள் அவை பூசலிட்டதில் வியப்பில்லை. அமெரிக்க அறிஞர் டேவிட் மெக் 1970 இல் எழுதிய நூல் அக்கருத்தை உலகெங்கும் பரப்பிற்று. அதே மெக், கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவிற் கோடைதோறும் காட்டு ஓநாய்களை நோக்கிய பின்னர், 1999 இல் அதனை மறுத்தெழுதினார். இயற்கையில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாயும் தந்தையும் பிள்ளைகளும் அடங்கிய ஒரு குடும்பம். அங்கே தலைமை என்பது பெற்றோர் நிலையே என்றார். தம் கூற்றைத் தாமே திருத்திய அறிஞரின் நேர்மை போற்றத்தக்கது. அவர் கைவிட்ட கொள்கையை நாய் பழக்குவோர் பலர் இன்னும் கைவிடவில்லை.

அடக்குமுறையின் விளைவு வேறொரு வகையிலும் அறியப்பட்டுள்ளது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் நாய் வளர்ப்போரை வினவி 2009 இல் வெளியிட்ட ஆய்வில், நாயை அடித்தோ உதைத்தோ திருத்த முயன்றவர்களுள் நூற்றுக்கு 43 பேர், நாய் தம்மை எதிர்த்துச் சீறியது முதலான விளைவுகளைக் கண்டதாகத் தெரிவித்தனர்.

பகல் முழுவதும் சங்கிலியில் பிணைத்தால் இரவில் நன்கு காவல் காக்கும் என்பாரும் உளர். பிணிப்புண்ட நாய்க்கு விலகிப் போகும் வழி அடைபட்டுவிடுகின்றது. எஞ்சுவது கடித்தல் ஒன்றே. மனிதர் பலரையும் குழந்தைகளையும் பிற பிராணிகளையும் அச்சமின்றிக் கண்டு பழக வேண்டிய பருவம், பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையிலானது என்பதை அமெரிக்காவிற் ஸ்கொட், ஃபுல்லர் என்போர் நிகழ்த்தி 1965 இல் நூலாக்கிய நீண்ட ஆராய்ச்சி புலப்படுத்திற்று. அப்பருவத்தைச் சங்கிலியிற் கழித்த குட்டி வளர்ந்தபின் எல்லோரையும் அஞ்சும். அதனை வீரமென மதிப்பது வழக்கமாகிவிட்டது.

கடைசியாக, உயிரோடு விளையாடும் மயக்கம் ஒன்று உண்டு. விசர்நாய்க்கடியால் வரும் நோய்க்கு நீர்வெறுப்பு என்று பெயர். இப்பெயரை நம்பி, தண்ணீர் குடிக்கும் நாய்க்கு விசரில்லை என முடிவு செய்வோர் பலர். தண்ணீரைக் கண்டு நடுங்குதல் நோயுற்ற மனிதரிடம் காணப்படும் குறி. விசர்நாய் தண்ணீரை நாடவும் கூடும். எல்லா விசர்நாயும் வெறிகொண்டு ஓடுவதுமில்லை. சில ஒடுங்கிக் கிடக்கும். கீழ்த்தாடை தொங்கி, உமிழ்நீர் வடியும். தொண்டையில் எலும்பு சிக்கியதென எண்ணி அதன் வாயினுட் கைவிட்டுத் தேடுதல் பேராபத்து. அத்தகைய நாயைத் தொடாது அடைத்துவைத்து மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். கடித்தது குட்டியாயினும், வீட்டு நாயாயினும், புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் கால் மணி நேரம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் சென்று, தடுப்பூசி பற்றி வைத்தியர் சொல்வதைக் கேட்டு நடத்தல் வேண்டும்.