நாடாளுமன்றக் கேள்விகளும் உறுப்பினரின் நிதி நலன்களும்

நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அமைச்சரிடம் எழுப்பும் கேள்வி, மக்கள் சார்பில் கேட்கப்படுவதாகக் கொள்ளப்படுகிறது. அவருக்கு வணிகப் பங்குகளோ, ஊதியம் தரும் பதவிகளோ, ஆலோசனைக் கட்டணமோ இருந்தால் அவை அவருடைய நிதி நலன்கள் எனப்படும். கேள்வியும் நிதி நலனும் ஒரே பொருளைத் தொடும்போது, அந்தக் கேள்வி தொகுதிக்காகக் கேட்கப்பட்டதா, பணம் தருபவருக்காகக் கேட்கப்பட்டதா என்ற ஐயம் எழும். இந்த ஐயத்தைத் தீர்ப்பதற்காகவே பல நாடாளுமன்றங்கள், உறுப்பினர்கள் தம் நலன்களை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று விதித்துள்ளன. இந்தியாவில் இந்த ஏற்பாடு இன்னும் பாதி அளவிலேயே நிற்கிறது.

கேள்வியின் வலிமை

இந்திய நாடாளுமன்றத்தில் கேள்விகள் பெரும்பாலும் இரு வகைப்படும். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்வார். அதைத் தொடர்ந்து துணைக் கேள்விகள் கேட்கலாம். குறியிடாத கேள்விக்கு எழுத்து வடிவில் பதில் வரும்; துணைக் கேள்விக்கு இடமில்லை. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 குறியிடாத கேள்விகளும் இடம்பெறும். மாநிலங்களவையில் இவை முறையே 15, 160. வரும் கேள்விகள் இவற்றைவிட மிக அதிகம் என்பதால், குலுக்கல் முறையில் முன்னுரிமை முடிவு செய்யப்படுகிறது. ஓர் உறுப்பினரின் பெயரில் ஒரு நாளைக்கு ஒரு நட்சத்திரக் கேள்விக்கு மேல் வராது.

துணைக் கேள்விக்கு வழியில்லை என்பதால் குறியிடாத கேள்வியைச் சிறியதாக எண்ணிவிடக் கூடாது. இறக்குமதி வரி, உரிமம், ஒப்பந்தப்புள்ளி, ஒரு போட்டி நிறுவனத்தின் மீதான விசாரணை ஆகியவை பற்றி அமைச்சகம் கையொப்பமிட்டுத் தரும் தகவல், ஒரு வணிகருக்குப் பெரும் மதிப்புடையது. அதே தகவலைத் தானே கேட்டுப் பெற அவர் எத்தனை அலுவலகங்களுக்கு நடக்க வேண்டியிருக்கும்! கேள்விக்கு விலை ஏற்படுவது இங்கேதான்.

கேள்வியின் நல்ல பயனுக்கு முந்த்ரா விவகாரம் சான்று. 1957-இல், புதிதாக நாட்டுடைமையாக்கப்பட்டிருந்த ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாயை முதலீடு செய்திருந்தது. இது பற்றி மக்களவையில் கேள்வி எழுந்தது. அமைச்சகம் தந்த பதில் போதவில்லை. ஆளுங்கட்சியைச் சேர்ந்த பெரோஸ் காந்தியே டிசம்பரில் அதைப் பெரும் விவாதமாக்கினார். நீதிபதி எம். சி. சாக்ளாவின் விசாரணை ஆணையத்திற்குப் பிறகு, 1958-இல் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். ஒரு கேள்வியில் தொடங்கிய விவகாரம் நிதியமைச்சரின் பதவி வரை சென்றது.

முத்கல் வழக்கு

இந்தியாவில் பணத்துக்குக் கேள்வி கேட்டதாக எழுந்த முதல் பெரிய வழக்கை விசாரித்தவரும் அதே டி. டி. கிருஷ்ணமாச்சாரிதான். பொதுத்தேர்தலுக்கு முன் இயங்கிய தற்காலிக நாடாளுமன்றத்தில் எச். ஜி. முத்கல் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தார். தங்கம், வெள்ளி வணிகர்களின் அமைப்பான பம்பாய் புல்லியன் அசோசியேஷனிடம் பணப் பயன் பெற்றுக்கொண்டு, அவர்களுக்காக அவையில் பேசினார் என்பது குற்றச்சாட்டு. பிரதமர் நேரு தம் கட்சிக்காரர் என்று பார்க்கவில்லை. 1951 ஜூன் 8 அன்று அவரே தீர்மானம் கொண்டுவந்து விசாரணைக் குழுவை அமைக்கச் செய்தார். கிருஷ்ணமாச்சாரி தலைமையிலான அந்தக் குழுவில் துர்காபாயும் பேராசிரியர் கே. டி. ஷாவும் இருந்தனர்.

முத்கல் கேள்விகள் கேட்டதோடு நிற்கவில்லை. முன்பேர ஒப்பந்தங்கள் பற்றிய மசோதாவுக்குத் திருத்தங்கள் கொடுத்தார். சங்கத்தினர் அமைச்சர்களைச் சந்திக்கவும் ஏற்பாடு செய்தார். இது அவையின் கண்ணியத்துக்குப் பொருந்தாத நடத்தை எனக் குழு முடிவு செய்தது. செப்டம்பரில் அவரை நீக்கும் தீர்மானம் விவாதத்துக்கு வந்தபோது, முத்கல் தம் தரப்பைப் பேசிவிட்டுப் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். அவை அதை ஏற்று அமைதி அடையவில்லை. அவர் நீக்கத்துக்கு உரியவர் என்றும், விலகல் கடிதத்தின் வாசகங்களே அவையை அவமதிப்பதாக இருந்து குற்றத்தைக் கூட்டின என்றும் தீர்மானத்தைத் திருத்தி நிறைவேற்றியது. குறுக்கு வழியில் தப்பிக்க விடாத இந்த உறுதியை, பிற்கால அவைகளில் எப்போதும் காண முடிவதில்லை.

இதிலிருந்து நலன் பதிவேடு ஒன்று உடனே பிறந்திருக்க வேண்டும். பிறக்கவில்லை. நிகழ்ந்த தவறுக்குத் தண்டனை வந்தது. தவறு நிகழுமுன் தெரிந்துகொள்ளும் ஏற்பாட்டுக்கு இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

2005 நிகழ்வு

2005 டிசம்பர் 12 அன்று ஆஜ் தக் தொலைக்காட்சி, மறைமுக ஒளிப்பதிவுகளை ஒளிபரப்பியது. இல்லாத ஒரு சிறுதொழில் சங்கத்தின் பிரதிநிதிகளாக நடித்த செய்தியாளர்களிடம், கேள்வி கேட்பதற்காக உறுப்பினர்கள் பணம் வாங்கும் காட்சிகள் அவை. கொடுக்கப்பட்ட கேள்விகளில் ஒன்று, ஜெர்மனியிலிருந்து 'யோசாரியன்' என்ற வகை டீசல் இன்ஜினை ரயில்வே வாங்குகிறதா என்பது. யோசாரியன் ஓர் அமெரிக்க நாவலின் கதாநாயகன். கேள்வியைப் படித்துப் பார்க்கக்கூட நேரம் ஒதுக்காதவர்கள் அதை யாருக்காகக் கேட்கிறோம் என்று ஆராய்ந்திருப்பார்களா?

மக்களவை உறுப்பினர்கள் பத்துப் பேரும் மாநிலங்களவை உறுப்பினர் ஒருவரும் டிசம்பர் 23 அன்று நீக்கப்பட்டனர். பல கட்சியினர் அதில் இருந்தனர். தண்டனை அளவுக்கு மீறியது என்று கூறி மக்களவையில் பாரதிய ஜனதா வெளிநடப்பு செய்தது. நீக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கில், அவைக்கு இந்த அதிகாரம் உண்டு என உச்ச நீதிமன்றம் 2007 ஜனவரியில் நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

குற்றவியல் சட்டம் வேறு நிலையில் இருந்தது. அவையில் பேசுவதற்கும் வாக்களிப்பதற்கும் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியதில்லை என்கிறது அரசமைப்பின் 105-ஆம் கூறு. லஞ்சம் வாங்கிக்கொண்டு சொன்னபடியே வாக்களித்தவருக்கும் இக்காப்பு உண்டு என 1998-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. 2024 மார்ச் 4 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு, சீதா சோரன் வழக்கில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இனி, லஞ்சம் பெற்ற உறுப்பினர் அவைச் சிறப்புரிமையின் பின்னால் நிற்க முடியாது.

பிரிட்டனின் பதிவேடு

பிரிட்டனில் உறுப்பினர்களின் நலன் பதிவேட்டை உருவாக்கக் காமன்ஸ் அவை 1974-இல் தீர்மானித்தது. தொடக்கத்தில் அது பல்லில்லாத ஏற்பாடுதான். இனாக் பவல் என்ற உறுப்பினர் விவரம் தர மறுத்தார், நடவடிக்கை ஏதும் இல்லை. 1994-இல் நிலைமை மாறியது. ஹாரட்ஸ் கடையின் உரிமையாளர் முகமது அல் ஃபாயத், நீல் ஹாமில்டன், டிம் ஸ்மித் ஆகியோருக்குக் கேள்வி கேட்கப் பணம் கொடுத்ததாக கார்டியன் நாளிதழ் எழுதியது. ஸ்மித் அமைச்சர் பதவியை விட்டார். ஹாமில்டன் குற்றச்சாட்டை மறுத்தார். 1997 தேர்தலில் தோற்றார். நோலன் பிரபு தலைமையிலான குழுவின் பரிந்துரையால் நடத்தை நெறி ஆணையர் பதவி உருவானது. பணம் பெற்று அவையில் வாதாடுவதும் தடை செய்யப்பட்டது.

இன்று அங்கே உறுப்பினரின் நலனோடு தொடர்புள்ள கேள்வி வந்தால், நிகழ்ச்சி நிரலில் அதன் அருகே சதுர அடைப்புக்குள் 'ஆர்' என்ற ஒற்றை எழுத்து அச்சாகும். படிப்பவர் பதிவேட்டைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். கேள்வியையும் நலனையும் ஒரே பக்கத்தில் இணைக்கும் இவ்வளவு மலிவான வழி வேறில்லை. ஆனால் பதிவு செய்தால் மட்டும் போதாது. ஓவன் பேட்டர்சன் என்ற உறுப்பினர், தமக்கு ஊதியம் தந்த இரு நிறுவனங்களையும் பதிவேட்டில் முறையாகக் குறித்திருந்தார். அப்படியும் அவற்றுக்காக அரசு அலுவலர்களையும் அமைச்சர்களையும் அணுகியது விதிமீறல் என முடிவானது. அவர் 2021 நவம்பரில் பதவி விலகினார்.

இந்தியாவில் இன்றைய நிலை

மாநிலங்களவையில் 1997 மார்ச்சில் நெறிமுறைக் குழு அமைந்தது. இந்தியச் சட்டமன்றங்களில் இவ்வகைக் குழுவுக்கு அதுவே முன்னோடி. அவையின் 293-ஆம் விதிப்படி நலன் பதிவேடு வைக்கப்படுகிறது. ஊதியம் பெறும் இயக்குநர் பதவி, தொடர்ந்து ஊதியம் தரும் பணி, கட்டுப்படுத்தும் அளவிலான பங்குகள், கட்டண ஆலோசனை, தொழில்முறைப் பணி ஆகிய ஐந்து தலைப்புகளில் விவரம் தர வேண்டும். 294-ஆம் விதி இன்னும் நேரடியானது: ஒரு பொருளில் தனிப்பட்ட பண நலன் உள்ளவர், விவாதத்தில் பங்கெடுக்குமுன் அதை அவையில் சொல்ல வேண்டும்.

மக்களவையில் 2000 முதல் நெறிமுறைக் குழு உண்டு; இத்தகைய பதிவேடு இல்லை. அங்கு உள்ளது சொத்து, கடன் அறிக்கை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 75ஏ பிரிவின்படி, உறுதிமொழி எடுத்த 90 நாள்களுக்குள் அதை அளிக்க வேண்டும். வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரமும் உண்டு. பலர் இவற்றையும் நலன் பதிவேட்டையும் ஒன்றாக எண்ணுகின்றனர். சொத்து அறிக்கை ஒருவரிடம் எவ்வளவு உள்ளது என்று காட்டும். யாரிடமிருந்து, எந்த வேலைக்காக அவருக்குப் பணம் வருகிறது என்று காட்டுவது நலன் பதிவேடு. கோடிக்கணக்கில் நிலம் வைத்திருப்பவர் எவருக்கும் கடமைப்படாதவராக இருக்கலாம்; சொந்த வீடில்லாதவர் மாதந்தோறும் ஒரு நிறுவனத்திடம் ஆலோசனைக் கட்டணம் பெறலாம்.

2023 டிசம்பர் 8 அன்று மக்களவை, மஹுவா மொய்த்ராவை நீக்கியது. கேள்விகளைப் பதிவேற்றும் இணையக் கணக்கின் கடவுச்சொல்லை ஒரு தொழிலதிபருடன் பகிர்ந்ததை அவர் ஒப்புக்கொண்டார். பணம் பெற்றதாகக் கூறப்பட்டதை மறுத்தார். 2024-இல் அதே கிருஷ்ணாநகர் தொகுதியில் மீண்டும் வென்றார்.

விவரங்களைப் படிக்கும் முறை

நாடாளுமன்ற இணையதளத்தில் உறுப்பினரின் பெயரை இட்டு, அவர் கேட்ட கேள்விகளையும் அமைச்சகப் பதில்களையும் எடுக்கலாம். பிரமாணப் பத்திரங்கள் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் உள்ளன. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது அவசர முடிவு கூடாது. நூற்பாலை வைத்திருக்கும் உறுப்பினர் பஞ்சு விலை பற்றிக் கேட்டால், அவருடைய தொகுதியே நூற்பாலைகள் நிறைந்ததாக இருக்கலாம். கவனிக்க வேண்டியது, தொகுதிக்கும் கேள்விக்கும் தொடர்பே தெரியாத இடம்: ஒரு தனி நிறுவனத்தின் பெயர், ஒரு குறிப்பிட்ட ஒப்பந்தம், திரும்பத் திரும்ப ஒரே அமைச்சகம். எண்ணிக்கையை மட்டும் வைத்து உறுப்பினரை மதிப்பிடுவதும் தவறு. அமைச்சர்களும் அவைத் தலைவரும் கேள்வி கேட்பதில்லை என்பதால், அவர்கள் கணக்கில் சுழியமே இருக்கும்.